சிட்லபாக்கத்தில் நன்னா கட்டியது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தாத்தா கட்டாத ஒரு வீட்டை அவர் கட்டியதாக எட்டடி உயரத்துக்கு அச்சடித்து, கீழேயிருந்து விளக்குப் போட்டு, முந்நூறு பேர் முன்னால் நிறுத்தியவள் நான்தான். விசாரிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வாரம் விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்கத்தான் குழப்பம் கூடியது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், "சரி, இதுதான்" என்று ஒரு வீட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டேன்.

எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கட்டடத் தொழில் செய்யும் குடும்பம். தாத்தாவை நாங்கள் நன்னா என்போம். ஊருக்கு அவர் காதர் மேஸ்திரி. அவர் மகன், என் அத்தா, முதலில் காண்ட்ராக்டர், பிறகு பில்டர். (வேலை ஒன்றுதான். விசிட்டிங் கார்டு மட்டும் தடிமனாகிக்கொண்டே வந்தது.) அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, சைட்டைப் பார்த்துக்கொள்வார். மூன்றாவது தலைமுறை நான். பி.இ. சிவில். படிப்பு முடித்து வந்த முதல் நாள் ஹெல்மெட்டோடு சைட்டில் போய் நின்றேன். சின்னத்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "வெயில் ஜாஸ்தியா இருக்கு சபீனா, நீ ஆபீஸ்ல போய் நம்ம கம்பெனிக்கு ஏதாவது விளம்பரம் பண்ணு" என்று மேற்குத் தாம்பரம் ஆபீசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நடந்த விபரீதத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

(கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அத்தா கேட்டுக்கொண்டார். ‘கேட்டுக்கொண்டார்' என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்.)

அந்த வருடம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. நன்னா தொழில் தொடங்கி ஐம்பது வருடம். அத்தா கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் ஆரம்பிக்கிறார். அதுவரை நாங்கள் மூன்று மாடியைத் தாண்டியதில்லை. தாம்பரம், சேலையூர், பம்மல் பக்கம் எங்களை எல்லோருக்கும் தெரியும். கேளம்பாக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கம்பெனிகளின் போர்டுகள், அதில் பல் தெரியச் சிரிக்கும் குடும்பங்கள். அத்தா அந்த ரோட்டில் ஒரு தடவை போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாம நேத்து வந்தவங்க இல்லன்னு ஜனங்களுக்குத் தெரியணும்" என்றார்.

எனக்கு அந்த நிமிடமே யோசனை வந்துவிட்டது. "அத்தா, பெரிய விழா எடுப்போம். நன்னா கட்டின முதல் வீட்டைக் கண்டுபிடிப்போம். அந்த வீட்டுக்காரரையே மேடையேத்தி, பேச வைப்போம்."

அத்தாவின் கண் கலங்கிவிட்டது. "என் மகளுக்கு மூளை இருக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். (இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை.)

முதல் வீடு எது என்பதில்தான் சிக்கல். நன்னா இறந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு சீட்டு, ஒரு படம்கூட விட்டுப் போகவில்லை. ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வாராம்: "சிட்லபாக்கம் வேலைதான் எனக்கு முதல் வேலை." அதற்கு மேல் அவர் சொன்னதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"பெரிய வீடுதான் அது" என்றார் அத்தா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதப் பத்திப் பேசும்போது எங்கத்தா முகத்துல ஒரு பெருமை வரும் பாரு. சின்ன வீட்டுக்கெல்லாம் அந்தப் பெருமை வராது."

நன்னா ‘வேலை' என்றார். அத்தா காதில் அது ‘வீடு' என்று விழுந்தது. நான் அதை ‘மாளிகை' என்று எழுதினேன்.

சிட்லபாக்கத்தில் யாராவது வீடு தேடியிருக்கிறீர்களா? ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. பழைய பதினாலுக்கு எதிரே புதிய பதினாலு இருக்கும். இரண்டு வீட்டுக்காரர்களும் அடுத்தவருக்கு வந்த கடிதங்களை வாங்கி வாங்கி அலுத்துப்போயிருப்பார்கள். நான் பெல் அடித்தவுடனே, "நீங்க தேடற நம்பர் இது இல்ல" என்றுதான் கதவைத் திறந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஓர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கட்டடக் கம்பெனி என்று தெரிந்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் ஒழுகும் இடத்தைக் காட்டினார். இன்னொரு வீட்டில் ஒருவர், "காதர் மேஸ்திரியா? எங்க வீட்டைக் கட்டினதே அவர்தான்" என்று காபி கொடுத்து, ஒரு மணி நேரம் நன்னாவின் குணநலன்களைச் சொன்னார். நான் ஆறு பக்கம் குறிப்பெடுத்தேன். கிளம்பும்போது வாசலில் கல்வெட்டைப் பார்த்தேன். நன்னா இறந்து மூன்று வருடம் கழித்துக் கட்டிய வீடு. அந்த காதர் வேறு காதர்.

கடைசியில் சின்னத்தாதான் சொன்னார்: "ஏழுமலை அண்ணனைக் கூட்டிட்டுப் போ."

ஏழுமலை அண்ணன் நன்னாவிடம் முதன்முதலில் சித்தாளாகச் சேர்ந்தவர். எழுபது தாண்டிவிட்டது. காது மந்தம். மகன் வாங்கிக் கொடுத்த காது மிஷினைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருப்பார். காதில் வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும் என்று பயம். அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணே, நன்னா முதல்ல கட்டின வீடு எது?" என்று கத்தினேன்.

"இன்னா?"

"முதல்ல! கட்டினது!"

"மொதல்ல கட்னதா? அத்த கேக்கறியா? வா, காட்றேன்."

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் போகும்போது முதுகில் குத்தினார். நிறுத்தினேன். வெளிர்மஞ்சள் வீடு. முகப்பில் இரண்டு உருண்டைத் தூண்கள். ஒரு மாமரம். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இங்கதான் பாப்பா. அப்போ நான்தான் மண்ணு செமந்தேன். மேஸ்திரி பத்து நாளு இங்கயே கெடந்தாரு."

"பத்து நாள்லயா கட்டினார்?"

"பத்து நாளு. அதுக்கப்புறம் தண்ணி ரொப்பி வெச்சிகினு பக்கத்துலயே குந்திகினு இருந்தாரு."

பத்து நாளில் ஒரு வீடு. நான் சிவில் படித்தவள். பத்து நாளில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம்கூட முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோட்டில் ‘வேகம், தரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"உள்ள போயி பின்னாடி பாரு பாப்பா. அங்கதான் கீது" என்றார் ஏழுமலை அண்ணன்.

கேட்டுக்குள் ஒரு நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. வீடே முன்னால் இருக்கும்போது பின்னால் என்ன பார்ப்பது? நான் வெளியிலிருந்தே நாலைந்து கோணத்தில் படம் எடுத்தேன்.

"முன்னாடி இன்னாத்துக்கு எட்த்துகினு கீற?"

"முன்னாடிதான் அழகா இருக்கு அண்ணே!"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்து, "படிச்ச பொண்ணு" என்றார்.

பக்கத்து வீட்டில் வீட்டுக்காரரின் நம்பர் வாங்கினேன். பெயர் வேணுகோபால். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பேசும் மனிதர். அன்று சாயங்காலம் அவரிடம் போனில் நான் பேசியது இப்போதும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. பிற்பாடு சின்னத்தா நடத்திய விசாரணையில் அதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

"சார், என் தாத்தா காதர் மேஸ்திரி. உங்க வீட்டுல வேலை செஞ்சிருக்கார்."

"ஆமாம்மா! நல்லா ஞாபகம் இருக்கு. நான் அப்ப காலேஜ் படிச்சிட்டிருந்தேன். பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன்."

"இப்ப எப்படி சார் இருக்கு?"

"அப்படியே இருக்கும்மா. ஒரு விரிசல் கிடையாது. ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. அந்த மாதிரி வேலை இன்னைக்கு யார் செய்யறா?"

‘கசிவு இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். "குடும்பத்துல எல்லாரும் இப்பவும் அதுலதானா சார்?"

கொஞ்சம் தயங்கினார். "எல்லாரும்தான்மா. வேற எங்க போறது?"

"சார், எங்க ஐம்பதாவது வருஷ விழா வருது. நீங்க மேடையில வந்து இதையே பேசணும்."

"மேடையிலயா? அதைப் பத்தியா?"

"அதைப் பத்திதான் சார். எங்களுக்கு அதுதான் பெருமை."

"உங்களுக்குச் சங்கடம் இல்லன்னா எனக்கு என்னம்மா? யாராவது ஒருத்தர் அதைப் பத்தி வெளிப்படையாப் பேசித்தான் ஆகணும். வரேன்" என்றார்.

எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அத்தாவிடம் சொன்னேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையின் பின்னால் எட்டடிக்கு மஞ்சள் வீடு. அதன் கீழே நான் எழுதிய வாசகம்: ‘எங்கள் முதல் மாளிகை. அரை நூற்றாண்டாக ஒரு சொட்டுக் கசிவு இல்லை.' ஒரு பக்கம் திரை. அதில் கேளம்பாக்கம் கட்டடத்தின் நீச்சல் குளம், தோட்டம் எல்லாம் ஓடுவதற்குத் தயாராக இருந்தது. நான் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தேன். (எங்கள் குடும்ப விழாவில், எங்கள் ஆட்களுக்கு நடுவில். யார் என்னைச் சந்தேகப்பட்டிருக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.)

முன்வரிசையில் குமரேசன் அங்கிள். சேலையூரில் அவரும் பில்டர். அவருடைய அப்பா சம்பந்தம் மேஸ்திரி நன்னா காலத்தில் பெரிய ஆள். அத்தாவும் குமரேசன் அங்கிளும் வெளியில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். உள்ளுக்குள் இருபது வருடமாக ஒருவர் டெண்டரை ஒருவர் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசியம் வந்து பார்க்க வேண்டும் என்று அத்தாவே நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்திருந்தார்.

குமரேசன் அங்கிள் மேடையையே உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்த வீடு எங்கம்மா இருக்கு?"

"சிட்லபாக்கத்துல அங்கிள்."

"இந்த மாதிரி உருண்டைத் தூண் எங்கப்பாதான் போடுவாரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொறாமை என்று நினைத்தேன்.

வேணுகோபால் சார் ஒரு ஃபைலோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, எங்க வீட்டுப் படம் எதுக்கு?"

"அதுதானே சார் விசேஷம்!"

"இல்ல, நான் என்ன நினைச்சேன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் தொகுப்பாளர் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தத் தொகுப்பாளரை நான்தான் பிடித்து வந்திருந்தேன். கல்யாண வரவேற்புகளில் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் அதோடு "பலத்த கரவொலி!" என்று சேர்த்துக்கொள்வார். மேடையில் உட்கார்ந்த வேணுகோபால் சார் ஃபைலைத் திறந்து பார்ப்பதும், திரும்பி எட்டடி வீட்டைப் பார்ப்பதும், மறுபடி ஃபைலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

முதலில் அத்தா பேசினார். "எங்கத்தா கட்டின முதல் வீடு இது. இதைக் கட்டின கையிலதான் எங்களுக்குச் சோறு ஊட்டினாரு" என்றபோது குரல் உடைந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. நான் எழுதிக் கொடுத்த வரி அது.

பிறகு வேணுகோபால் சார் மைக் முன்னால் வந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்றார். "பின்னால இருக்கிற படம் எங்க வீடுதான். ஆனா இந்த வீட்டைக் கட்டினவர் சம்பந்தம் மேஸ்திரி."

ஃபைலில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"காதர் மேஸ்திரி கட்டினது, வீட்டுக்குப் பின்னால இருக்கிற செப்டிக் டேங்க்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்த வார்த்தையை எனக்குத் தெரியாத ஏதோ பாஷையில் சொன்னது போல இருந்தது. அப்புறம் ‘பத்து நாள்' ஞாபகம் வந்தது. ‘தண்ணி ரொப்பி' ஞாபகம் வந்தது. ‘வேற எங்க போறது' ஞாபகம் வந்தது. எதையாவது செய்து வாசகத்தை இருட்டாக்கிவிட வேண்டும் என்று ஓடிப்போய் விளக்கு ஸ்விட்சை அமுக்கினேன். அது வேறு ஸ்விட்ச். திரை உயிர் பெற்றது. புல்லாங்குழல் இசையோடு கேளம்பாக்கத்து நீச்சல் குளம் நீலமாக அலையடித்தது. மைக்கில் வேணுகோபால் சார், "நல்ல ஆழமான டேங்க்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் குமரேசன் அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். "எங்கப்பா... அது எங்கப்பா கட்டின வீடா சார்?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொகுப்பாளருக்கு என்ன நடக்கிறது என்று சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருக்குக் கண்ணீர், கையில் சால்வை தயாராக இருக்கிறது. அவருக்கு அது போதும். "இதோ, இந்த மாளிகையைக் கட்டிய மாமேதையின் மகன் நம்மிடையே! மேடைக்கு வாருங்கள் ஐயா! பலத்த கரவொலி!"

கை தட்டினார்கள். குமரேசன் அங்கிள் மேடையேறினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா கட்டினதுல ஒண்ணுகூட இப்ப நிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன். எல்லாத்தையும் இடிச்சு ஃபிளாட் போட்டுட்டாங்க. ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். இதைக் கண்டுபிடிச்சு இவ்வளவு பெரிசாப் படம் வச்சிருக்காங்களே, இந்த மனசு யாருக்கு வரும்!" என்று அத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார். (இடித்ததில் பாதியை இடித்தவர்கள் நாங்கள்.)

வேறு வழியில்லை. வேணுகோபால் சாருக்காக வாங்கிய சால்வையை அத்தா குமரேசன் அங்கிளுக்குப் போர்த்தினார். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னால் சின்னத்தா உட்கார்ந்திருந்தார். நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை வாயில் அடைத்திருந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேணுகோபால் சார் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் பேச வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அவர் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஃபைலில் டேங்கின் வரைபடம் இருந்தது.

"வீட்டு வேலை எடுத்த சம்பந்தம் மேஸ்திரிக்கு டேங்க் கட்டறதுல விருப்பமில்ல. யாராவது கிடைப்பாங்களான்னு பாத்தப்ப இருபது வயசுப் பையன் ஒருத்தர் வந்தார். அதுவரைக்கும் கூலிக்குப் போயிட்டிருந்தவர். சொந்தமா எடுத்த முதல் வேலை அதுதான்னு சொன்னார். ஏரி பக்கத்துல இருக்கு, ஊத்துத் தண்ணி உள்ள வரும், அதனால தரையிலேர்ந்து ஒண்ணரை அடி உசத்திக் கட்டணும்னு எங்கப்பாகிட்ட சண்டை போட்டார். அப்பா, அசிங்கமா இருக்கும்னு சொன்னார். அவர் கேக்கல. கட்டி முடிச்சு, உள்ள தண்ணி நிரப்பி, கரியால ஒரு கோடு போட்டுட்டு, தண்ணி அந்தக் கோட்டை விட்டு இறங்குதான்னு நாலு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தார். இறங்கல."

தண்ணீர் குடித்தார்.

"ஏரி நிரம்பித் தெருவுக்குள்ள வந்துதே, அந்த மழை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டு பாத்ரூம்லயும் கழிவுத் தண்ணி பொங்கி மேல வந்தது. எங்க வீட்ல வரல. ஒன்பது குடும்பம், ஆறு நாள், எங்க வீட்டு பாத்ரூமைத்தான் பயன்படுத்தினாங்க. ராத்திரி பகல் வரிசை. எங்க எதிர்வீட்டுப் பொண்ணு அப்ப நிறைமாச கர்ப்பிணி. அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அப்ப காதர் மேஸ்திரியைத்தான் நினைச்சேன். நன்றி சொல்லணும்னு இருந்தேன். இறந்துட்டார்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அதான் இந்தப் பொண்ணு கூப்பிட்டதும் வந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. தொகுப்பாளரே வாயைத் திறக்கவில்லை.

அப்போது நாலாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "சார், அந்த மூடி எவ்வளவு கனம் போட்டிருக்கு?"

அவ்வளவுதான். தென்சென்னைப் புறநகரில் சொந்த வீடு வைத்திருக்கும் முந்நூறு பேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். மழைக்காலத்தில் ஆளுக்கொரு கதை அவர்கள் வீட்டில் பொங்கியிருக்கிறது. கேள்வி மேல் கேள்வி. உள்பூச்சு என்ன, நடுச்சுவர் எங்கே, கழிவு உறிஞ்சும் லாரி வந்தால் குழாய் எந்தப் பக்கம் போகும். அத்தாவும் சின்னத்தாவும் மேடையில் நின்று பதில் சொன்னார்கள். ஒரு மணி நேரம். கேளம்பாக்கம் கட்டடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலும் அதே பேச்சு. பிரியாணியை முன்னால் வைத்துக்கொண்டு எப்படித்தான் அதைப் பேசினார்களோ!

அன்று ஒருவர்கூட ஃபிளாட் புக் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அத்தா ஒரே கேள்விதான் கேட்டார்: "பின்னாடி போய்ப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"நாய் இருந்துச்சு அத்தா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் என் மேலா, நன்னா மேலா, தன் மேலேயா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. இத்தனை வருடம் நம் அப்பா மாளிகை கட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம், இல்லை, அவர் கட்டியது வேறு என்று பூமாலையோடு சொல்லியிருக்கிறார்கள். அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

மறுநாள் காலை, "வண்டியை எடு" என்றார்.

சிட்லபாக்கத்தில் வேணுகோபால் சார் நாயைக் கட்டிவிட்டு எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். துணி காயும் கொடிக்குக் கீழே சிமெண்ட் பலகை மூடிய நீளமான மேடை. அதன் மேல் நாலு செம்பருத்தித் தொட்டிகள். அத்தா குந்தி உட்கார்ந்தார். விரல் முட்டியால் பக்கச் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். எங்கள் சைட்டில் பூச்சுவேலை சோதிக்கும்போது எப்படித் தட்டுவாரோ அப்படி. எந்த இடத்திலும் ‘பொத்' என்று பொள்ளல் சத்தம் கேட்கவில்லை.

"இருபது வயசு அவருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திரும்பும்போது சானடோரியம் பக்கம் சிக்னலில் நின்றபோது கேட்டார்: "கேளம்பாக்கத்துல டிரெய்னேஜ் டிராயிங் யார் போட்டா?"

"வெளி ஆள் போட்டது அத்தா."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல. திரும்பப் போடு. நீ போடு. நாளைலேர்ந்து சைட்டுக்கு வா."

அப்படித்தான் நான் இன்ஜினியர் ஆனேன். அந்தக் கட்டடத்தில் நான் முதலில் நின்று கட்டியது தரைக்குக் கீழே இருப்பது. மெதுவாகத்தான் ஃபிளாட்டுகள் விற்றன. வந்தவர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்க்காமல் என்னைத் தேடி வந்து, "டேங்க் நீங்களேதான் கட்டறீங்களா?" என்று கேட்டார்கள். தாம்பரம் வட்டாரத்தில் கம்பெனிப் பெயர் மறைந்து, ‘டேங்க் குடும்பம்' என்பது நிலைத்துவிட்டது. குமரேசன் அங்கிள், அத்தா சால்வை போர்த்தும் போட்டோவைப் பெரிதாக்கித் தன் ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அத்தா வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பொழிச்சலூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அத்தாவும் சின்னத்தாவும் போனார்கள். நான் போகவில்லை. இனி வருவது சின்னத்தா சொன்னது, அதனால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். டீ குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு விஷயம் மனசுல இருக்கு. கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாராம். அத்தாவுக்கு முகம் இறுகிவிட்டதாம். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"நீங்க... அந்த டேங்க் குடும்பம்தானே?"

அத்தா கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமா."

"மழை வந்தா எங்க வீட்ல பொங்குது. யார் யாரையோ கூட்டிட்டு வந்து காட்டிட்டோம்."

அத்தா வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். கடப்பாரை வந்தது. மூடி திறந்தது. மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். அரை மணி நேரம் கழித்து, மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே கொல்லையிலிருந்து அத்தா கத்தினாராம்: "தம்பி, குடும்பம் நல்ல குடும்பம்தான்டா! கட்டினவன்தான் சரியில்ல! எனக்குச் சம்மதம்!"

போன மாதம் என் மகளின் வகுப்பில், அம்மா அப்பா கல்யாணம் எப்படி நடந்தது என்று குழந்தைகளைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். (என் அத்தாதான் அவளுக்கு நன்னா.) அவள் எழுந்து, "எங்க நன்னா மூடியைத் திறந்து பாத்தாரு, பிடிச்சிருந்துச்சு, உடனே கல்யாணம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், சிட்லபாக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நாங்க ராஜகீழ்ப்பாக்கத்துல புதுசா வீடு கட்டறோம்..."